காய்ச்சல் விட்ட பிறகு

கொள்ளைநோய்களின் வரலாற்றை எழுதியோர் பெரும்பாலும் மூன்று கணக்குகளையே எழுதி வைத்தனர். எத்தனை பேர் நோயுற்றனர், எத்தனை பேர் மாண்டனர், எந்தத் திங்களில் நோய் தணிந்தது என்பனவே அவை. காய்ச்சல் விட்டு எழுந்து வேலைக்குத் திரும்பியவர் அத்துடன் அந்த ஏட்டிலிருந்து நீங்கிவிடுகிறார். இரண்டு மாதங்கள் கழித்து அவருக்குப் படியேறும்போது மூச்சு இரைக்கலாம், கணுக்கால் வீங்கலாம், இரவில் மல்லாந்து படுக்க இயலாமல் சுவரில் சாய்ந்து உறங்க நேரலாம். அப்போது அது வேறொரு நோயாக, வேறொரு பெயரில், வேறொரு ஏட்டில் பதிவாகிறது. முன்னதற்கும் பின்னதற்கும் உறவு உண்டா என்று கேட்பார் அரிது.

அந்த உறவைக் கண்டறிந்த கதையே இதயத் தசை அழற்சியின் கதை. நச்சுயிரி எனப்படும் வைரஸ் கிருமி இதயத்தின் தசையைத் தாக்க, அதனால் இதயம் தளர்வதைப் பற்றிய அறிவு மிகப் பழைமையானதன்று. அந்த அறிவு வளர்ந்த காலத்தில் கடல் கடந்து வந்த காய்ச்சல்களை முதலில் சந்தித்த ஊர்களுள் நம் சென்னையும் ஒன்று. குறிப்பாக இராயபுரம் முதல் திருவொற்றியூர், எண்ணூர் வரை நீளும் இக்கடற்கரைப் பகுதிக்கு இவ்வரலாற்றில் ஓர் இடம் உண்டு. கப்பலில் வந்த சரக்கைத் தோளில் தாங்கியவர்களும் ஆலைகளில் உழைத்தவர்களும் வாழ்ந்த பகுதி இது. இல்லங்களைச் சந்திக்கச் செல்லும்போது, "காய்ச்சல் உட்டுடுச்சு ஃபாதர், ஆனா மூச்சு வாங்குது" என்ற சொல்லை இன்றும் நாம் கேட்கிறோம். இச்சிறு வாக்கியத்திற்குப் பின்னால் உள்ள வரலாற்றை இங்கே சற்றே விரிவாக நோக்குவோம்.

இதயத் தசைக்கு நேர்வது என்ன?

முதலில் நோயின் தன்மையைத் தெளிவாக்கிக் கொள்வது நலம். மாரடைப்பு வேறு, நாம் பேசும் நோய் வேறு. மாரடைப்பில் இதயத்திற்குக் குருதி கொண்டு செல்லும் குழாய் அடைபடுகிறது. இதயத் தசை அழற்சியிலோ குழாய்கள் சீராக இருப்பினும் தசையே புண்படுகிறது. தொண்டை வழியாகவோ குடல் வழியாகவோ கொசுக்கடியினாலோ உடலுள் புகுந்த நச்சுயிரி குருதியில் கலந்து இதயத்தை அடைகிறது. அங்கே தசைச் செல்களுள் நுழைந்து பெருகி அவற்றை அழிக்கிறது. அதனை எதிர்க்க உடலின் காப்புப் படை விரைகிறது. பகைவனைத் துரத்த வந்த படை சில வேளைகளில் ஊரையும் சேர்த்துச் சிதைப்பதுபோல, இந்தப் போரில் நல்ல தசையும் அழிகிறது.

பெரும்பாலோர்க்குச் சில வாரங்களில் இப்போர் ஓய்ந்து இதயம் பழைய நிலைக்குத் திரும்புகிறது. ஆனால் ஒரு பகுதியினருக்கு அழற்சி ஓய்வதில்லை. இதயத் தசைச் செல்கள் தோலைப்போல எளிதில் புதுப்பிக்கப்படுவன அல்ல. அழிந்த இடத்தில் தழும்பே மிஞ்சுகிறது. எஞ்சிய தசை கூடுதல் சுமையைத் தாங்குகிறது. நாளடைவில் இதய அறைகள் விரிந்து, சுவர் தளர்ந்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் முறை சுருங்கி விரிய வேண்டிய உறுப்பு ஒவ்வொரு முறையும் குறைந்த குருதியையே வெளியேற்றுகிறது. மருத்துவர் இதனை இதயச் செயலிழப்பு என்பர். இதயம் நின்றுவிட்டது என்பது இதன் பொருளன்று. தன் கடமையை முழுமையாகச் செய்ய இயலாமல் தளர்ந்துவிட்டது என்பதே பொருள். வேறு சிலருக்கோ புண்பட்ட தசையில் துடிப்பின் ஒழுங்கு குலைந்து, முன்னறிவிப்பின்றித் திடீரென உயிர் பிரிவதும் உண்டு.

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. மூச்சிரைப்போர் எல்லாரும் நச்சுயிரியால் நோயுற்றோர் அல்லர். திருவனந்தபுரத்தில் 2013-இல் இதயச் செயலிழப்பால் மருத்துவமனைகளில் சேர்ந்த 1,205 பேரைப் பற்றிய பதிவேட்டில், ஏறத்தாழ 72 விழுக்காட்டினருக்கு இதயக் குருதிக்குழாய் நோயே காரணமாக இருந்தது. நம் நாட்டில் மூட்டுவாதக் காய்ச்சலும் இதயத்தின் கதவுகளைச் சிதைத்து வந்துள்ளது. அது நச்சுயிரியால் வருவதன்று. தொண்டை அடைப்பான் என்னும் டிப்தீரியா நோயில் பாக்டீரியா கக்கும் நஞ்சு இதயத் தசையைத் தாக்கும். தொண்டை தேறிய பின் குழந்தை திடீரென இறந்துபோகும் கொடுமையை முன்னாளைய மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். காய்ச்சலுக்குப் பின் இதயம் கெடலாம் என்ற எண்ணத்திற்கு இத்தகைய நோய்களே முதற்சான்றாயின.

கப்பல் கொணர்ந்த காய்ச்சல்கள்

சென்னைக்குக் காய்ச்சல் வந்த வழிகளுள் கடல் தலையாயது. 1780-ஆம் ஆண்டில் சென்னையில் பரவிய ஒரு காய்ச்சல், இந்தியாவில் பதிவான முதல் டெங்குவையொத்த கொள்ளைநோயாக மருத்துவ நூல்களில் குறிக்கப்படுகிறது. அதே ஆண்டில்தான் ஐதர் அலியின் படைகள் கர்நாடகத்துள் புகுந்தன. போரும் பஞ்சமும் மக்களை நகரை நோக்கி விரட்டின. 1782-இல் பசித்தோர்க்குக் கஞ்சி வார்க்கத் தோன்றிய கஞ்சித்தொட்டியே மணியக்காரர் சத்திரமாகி, பின்னர் மருத்துவமனையாக வளர்ந்தது. இராயபுரத்தில் 1877-இல் தொடங்கிய மருத்துவப் பள்ளி 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. இன்றும் முதியோர் அம்மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே அழைக்கின்றனர். பசிக்கும் நோய்க்கும் உள்ள உறவை இப்பெயர் நமக்கு நினைவூட்டிக் கொண்டேயிருக்கிறது.

1871-72-இல் சான்சிபாரிலிருந்து ஏடன் வழியாக இந்தியத் துறைமுகங்களுக்கு ஒரு காய்ச்சல் பரவியது. 1872-இல் சென்னை அதன் பிடியில் சிக்கியது. அக்காலத்தில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கடலில் நங்கூரமிட்டு நிற்க, மசூலாப் படகுகளே ஆட்களையும் சரக்கையும் கரை சேர்த்தன. இராயப்பரின் பெயரால் வழங்கும் இராயபுரத்தில் வாழ்ந்த படகோட்டிகளும் அவ்வேலையைச் செய்தனர். கப்பலிலிருந்து வந்த எதையும் முதலில் தொட்டவர் அலையில் படகு செலுத்தியவரே. ஏடிஸ் என்னும் கொசு கப்பலின் நன்னீர்ப் பீப்பாய்களில் முட்டையிட்டுக் கடல் கடந்து பயணம் செய்தது. கரையிலோ குடிநீரைக் குடத்திலும் தொட்டியிலும் நாட்கணக்கில் சேமித்து வைக்கவேண்டிய நிலையில் இருந்த வீடுகள் அதற்கு வாய்த்தன. அன்று டெங்கு எனப் பெயரிடப்பட்ட காய்ச்சல்களுள் சில உண்மையில் சிக்குன்குனியாவாக இருந்திருக்கலாம் என்பது பின்னாளைய ஆய்வாளர் சிலரின் கருத்து. மூட்டுகளை முடக்கிப் பல வாரங்கள் வருத்திய அதன் இயல்பே அக்கருத்துக்குக் காரணம்.

1918-இல் உலகை உலுக்கிய இன்புளுவென்சா இந்தியாவில் மட்டும் ஒரு கோடிக்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டது. அதே 1918-இல்தான், ஏப்ரல் 27-ஆம் நாள், பெரம்பூர்ப் பஞ்சாலைத் தொழிலாளர்க்காகச் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. ஆலை வாயிலில் மனிதன் தன் உழைப்புக்கு எல்லை வேண்டும் என்று கேட்கத் தொடங்கிய ஆண்டும், அவன் நுரையீரலையும் இதயத்தையும் கொள்ளைநோய் சோதித்த ஆண்டும் ஒன்றாக அமைந்தன.

1957 மே மாதத்தில் சிங்கப்பூரிலிருந்து வந்த ஒரு கப்பல் ஆசியக் காய்ச்சல் எனப்பட்ட புதிய இன்புளுவென்சாவைச் சென்னைத் துறைமுகத்தில் இறக்கியது. இந்தியாவில் அந்நோயின் நுழைவாயில் நம் துறைமுகமே. அதிலிருந்து சில வாரங்களுக்குள் நாடெங்கும் அது பரவியது. ஐ. ஜி. கே. மேனன் என்னும் ஆய்வாளர் 1959-இல் உலக நலவாழ்வு நிறுவனத்தின் ஏட்டில் இதன் வரலாற்றை எழுதினார். நாடு முழுவதும் 44 இலட்சத்திற்கு மேற்பட்டோர் நோயுற்றதாகவும், ஆயிரத்துக்குச் சற்று மேற்பட்டோர் இறந்ததாகவும் கணக்கிடப்பட்டது. இறப்பு குறைவு என்று நாடு ஆறுதல் அடைந்தது. அந்த ஆறுதல் நியாயமானதே. ஆனால் நோயுற்ற அத்தனை இலட்சம் பேருள், இன்புளுவென்சா இதயத் தசையையும் தாக்கவல்லது என்று இன்று நாம் அறிந்திருக்கும் நிலையில், எத்தனை பேரின் இதயம் புண்பட்டது என்பதற்குக் கணக்கு இல்லை. எண்ணுவதற்கான கருவியும் அன்று எளிதில் கிட்டவில்லை. எண்ணவேண்டும் என்ற எண்ணமும் பரவலாகத் தோன்றவில்லை.

காணாததைக் கண்டறிந்த பாதை

இதயத் தசை அழற்சி என்ற பெயரையே 1837-இல்தான் சோபர்ன்ஹைம் என்ற ஜெர்மானிய மருத்துவர் வழங்கினார். ஆனால் அப்பெயரின்கீழ் பலவகை இதய நோய்கள் குழப்பமாகக் கொட்டப்பட்டன. 1899-இல் டிரெஸ்டன் நகர மருத்துவர் ஃபீட்லர், வேறு வெளிப்படையான காரணமின்றித் திடீரென இதயம் தளர்ந்து இறந்தோரின் இதயத் தசையை ஆராய்ந்தார். தசை நார்களின் இடையே அழற்சி இருப்பதைக் கண்டு, ஏதோவொரு தொற்றே இதற்குக் காரணமாகலாம் எனக் கருதினார். நச்சுயிரிகளைக் காணும் வசதி அன்று இல்லை. அவருடைய கருத்து ஏறக்குறைய அரை நூற்றாண்டு காத்திருந்தது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தோவன் என்ற நெதர்லாந்து அறிஞர் இதயத்தின் மின்னலைகளைத் தாளில் வரைந்து காட்டும் முறையை உருவாக்கினார். 1924-இல் நோபல் பரிசும் பெற்றார். ஈ.சி.ஜி. என்று இன்று நாம் கூறும் இச்சோதனையால், மார்பைத் திறவாமலே இதயத் தசையின் துன்பத்தை ஓரளவு அறியும் வாய்ப்புக் கிட்டியது. 1948-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காக்சாக்கி என்னும் சிற்றூரைச் சேர்ந்த சிறுவரிடமிருந்து டால்டார்ஃப், சிக்கில்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு புதிய நச்சுயிரியைப் பிரித்தெடுத்தனர். ஊரின் பெயரே அதற்கும் பெயராயிற்று. சில ஆண்டுகளில் தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க் நகரில் ஒரு மகப்பேற்று இல்லத்துப் பச்சிளங்குழந்தைகளிடையே இதயத் தசை அழற்சி பரவியபோது, காக்சாக்கி நச்சுயிரியே அதற்குக் காரணம் என்று தெரிந்தது. ஃபீட்லரின் கருத்துக்குச் சான்று கிடைத்தது.

1962-இல் ஜப்பானிய மருத்துவர்கள் சக்ககிபாராவும் கொன்னோவும் குருதிக்குழாய் வழியே மெல்லிய கருவியைச் செலுத்தி, உயிருள்ள மனிதரின் இதயத்திலிருந்தே மிகச் சிறு துணுக்குத் தசையை எடுக்கும் முறையை அறிவித்தனர். அதுவரை பிணவறையில் மட்டுமே உறுதிப்படுத்தப்பட்ட நோய், நோயாளி உயிரோடு இருக்கும்போதே அறியப்படலாயிற்று. 1980-களில், நுண்ணோக்கியில் எதைக் கண்டால் அழற்சி என்று கூறலாம் என்பதற்கு டல்லாஸ் வரையறை எனப்படும் பொது விதி வகுக்கப்பட்டது. இவ்வாறு பல நாடுகளின் அறிவு ஒன்றுசேர்ந்தே இந்நோயின் முகம் தெளிந்தது. நம் கடற்கரைக்கு நெருங்கிய பங்களிப்பு ஒன்றும் இவ்வரலாற்றில் உண்டு. அதுவே நாம் அடுத்துக் காணவிருப்பது.

1964: சென்னையும் கொழும்பும்

1952-இல் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்கனீக்காவில் ஒரு காய்ச்சல் தோன்றியது. மூட்டுவலியால் மனிதர் வளைந்து குனிந்து நடந்தமையால், மக்கொண்டே மொழியில் வளைதலைக் குறிக்கும் சொல்லால் அது சிக்குன்குனியா எனப்பட்டது. 1963-இல் அது கல்கத்தாவில் பரவியது. 1964-இல் சென்னையிலும் வேலூரிலும் பரவியது. சென்னை நகரில் மட்டும் இலட்சக்கணக்கானோர் நோயுற்றனர். இந்நோயின் மருத்துவக் கூறுகளையும் நோய்க்குறியியலையும் பற்றிச் சென்னை மருத்துவர் கே. வி. திருவேங்கடமும் அவருடன் பணியாற்றியோரும் 1965-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சி ஏட்டில் எழுதினர். வேலூரில் நடந்த ஆய்வு 1969-இல் வெளிவந்தது. அங்கே சிக்குன்குனியாவுடன் டெங்குவும் ஒரே காலத்தில் நடமாடியதை அவ்வாய்வாளர்கள் காட்டினர்.

பாக்குநீரிணைக்கு அப்பால் இலங்கையிலும் இக்காய்ச்சல்கள் பரவின. கொழும்பில் பணியாற்றிய ஒபயசேகர, ஹெர்மன் என்ற இரு மருத்துவர்கள் பிறர் கேளாத கேள்வியைக் கேட்டனர். காய்ச்சல் விட்ட பின்னர் இவர்களின் இதயம் எவ்வாறு இருக்கிறது என்பதே அக்கேள்வி. டெங்குவுக்கும் சிக்குன்குனியாவுக்கும் பின் இதயத் தசை அழற்சியும் நாட்பட்ட இதயத் தசை நோயும் தோன்றுவதைக் குறித்து 1972-இல் பிரிட்டிஷ் இதயவியல் ஏட்டில் அவர்கள் எழுதினர். அத்துடன் நின்றுவிடவில்லை. அந்நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து, 1973-இல் அமெரிக்க இதயவியல் ஏட்டில் மற்றொரு கட்டுரையையும் வெளியிட்டனர். நோயாளி வீடு திரும்பியதும் ஏட்டை மூடாமல் தொடர்ந்து சென்ற அந்தப் பொறுமையே அவர்களின் பெருமை என்று நாம் கருதுகிறோம். பெரும் கருவிகள் ஏதுமின்றி, ஊடுகதிர்ப் படமும் மின்னலை வரைபடமும் துணையாகக் கொண்டு ஒரு சிறு தீவின் மருத்துவர்கள் செய்த பணி, இன்றும் உலகின் மருத்துவ ஆய்வாளர்களால் சுட்டப்படுகிறது.

ஆயினும் மறதி விரைவில் வந்தது. மராட்டிய மாநிலத்தின் பார்சி என்ற ஊரில் 1973-இல் பரவிய பின் சிக்குன்குனியா இந்தியாவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பெரிதாகத் தலைகாட்டவில்லை. 2005 இறுதியில் ஆந்திரத்தில் தொடங்கி 2006-இல் தமிழகமெங்கும் அது மீண்டும் பரவியபோது, பல குடும்பங்களுக்கும் இளைய மருத்துவர்களுக்கும் அது முற்றிலும் புதிய நோயாகவே தோன்றியது. அதே காலத்தில் இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில் நோயுற்றோரை ஆராய்ந்தவர்கள், அரிதாகச் சிலரிடம் இதயத் தசை அழற்சியும் இதயச் செயலிழப்பும் இருந்ததைக் கண்டனர். கொழும்பில் முன்பே எழுதப்பட்ட பாடம் மீண்டும் ஒருமுறை படிக்கப்பட்டது. நம் தெருக்களில் அன்று மூட்டுவலியைப் பற்றியே அனைவரும் பேசினர். மூட்டு வலித்தவர்கள் மருந்துக் கடையில் தாமாகவே வலி நிவாரணிகளை வாங்கி உண்டனர். அவ்வகை மாத்திரைகளுள் பல உடலில் நீரைத் தேங்கச் செய்து, தளர்ந்த இதயத்தை மேலும் தளர்த்தக் கூடியவை என்பது பலருக்கும் தெரியாது.

ஓய்வு என்னும் மருந்து

இந்நோய்க்கு என்ன மருந்து? இதயத்தின் அழற்சியே தீங்கு செய்கிறதெனில், உடலின் எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகளால் நோயை வெல்லலாம் என்று மருத்துவர் எதிர்பார்த்தனர். 111 நோயாளிகளிடம் இதனை முறையாகச் சோதித்த ஆய்வு ஒன்று 1995-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. எதிர்பார்த்த பலன் பொதுவாகக் கிட்டவில்லை. அழற்சியின் சில தனி வகைகளுக்கு மட்டுமே இன்று அம்மருந்துகள் பயன்படுகின்றன. எஞ்சியோர்க்குத் தளர்ந்த இதயத்தைத் தாங்கும் மருந்துகளே துணை. 1780-களில் இங்கிலாந்தில் டிஜிட்டாலிஸ் இலையிலிருந்து தொடங்கிய அம்மருந்துகள், 1980-களுக்குப் பின் பெரிதும் வளர்ந்து பல உயிர்களைக் காத்து வருகின்றன.

ஆனால் எல்லா மருத்துவரும் ஒருமனதாகக் கூறும் மருந்து ஒன்று உண்டு. அது எந்தக் கடையிலும் கிடைப்பதன்று, ஓய்வே அது. இதற்கு 1970-இல் வெளியான ஓர் ஆய்வு சான்றாக நிற்கிறது. காக்சாக்கி நச்சுயிரி செலுத்தப்பட்ட எலிகளை ஆய்வாளர்கள் நீர்த்தொட்டியில் கட்டாயமாக நீந்தச் செய்தனர். நீந்தச் செய்யப்படாத எலிகளைவிட, நீந்திய எலிகளின் இதயத்தில் நச்சுயிரி மிகுதியாகப் பெருகியது, இறப்பும் மிகுந்தது. கிருமி ஒன்றே. வேறுபாடு, நோயுற்ற வேளையில் ஏற்றப்பட்ட உழைப்பு மட்டுமே. இதயத் தசை அழற்சி கண்ட விளையாட்டு வீரர் மூன்று முதல் ஆறு மாதங்கள்வரை கடும் பயிற்சியை விட்டுவிடவேண்டும் என்று நெடுங்காலம் அறிவுறுத்தப்பட்டதற்கு இத்தகைய அறிவே அடிப்படை. அண்மைக் காலத்தில் இக்காலவரையறையை ஆளுக்கேற்ப, சோதனைகளின் துணையுடன் முடிவு செய்கின்றனர்.

அன்பு வாசகர்களே, இவ்விடத்தில் நாம் சற்று நின்று சிந்திக்கவேண்டும். விளையாட்டு வீரருக்கு ஓய்வளிக்கக் குழு உண்டு, பயிற்சியாளர் உண்டு. மூட்டை சுமப்பவருக்கு யார் உண்டு? விசைப்படகில் வலை இழுப்பவருக்கும், உலையருகே நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும், கூடையில் மீன் சுமந்து தெருத்தெருவாக விற்கும் தாய்க்கும் மூன்று மாத ஓய்வு என்ற சொல் எப்படி ஒலிக்கும்? காய்ச்சல் நூற்றிரண்டு பாகை இருந்தபோதும் வேலைக்குச் சென்றவர் இங்கே பலர். தொட்டியில் நீந்தவைக்கப்பட்ட எலிக்கு வேறு வழியில்லை. நாள் கூலிக்காரருக்கும் வேறு வழி இல்லை என்பதே உண்மை.

நோயுற்ற தொழிலாளிக்கு ஓய்வும் ஊதியமும் உரிமை என்ற எண்ணம் நம் நாட்டில் சட்டமாக 1948 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டின் தொழிலாளர் அரசுக் காப்புறுதிச் சட்டத்தின் வழியே தோன்றிய ஈ.எஸ்.ஐ. திட்டம், நோய்க்காலத்தில் ஆண்டுக்கு 91 நாள்கள்வரை ஊதியத்தின் பெரும்பகுதியை வழங்கும் முறையை உருவாக்கியது. திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் எழுந்த பெரிய ஆலைகளின் நிரந்தரத் தொழிலாளர் அதன் பயனை அனுபவித்தனர். 91 நாள் என்பது மூன்று மாதம். புண்பட்ட இதயத்திற்கு மருத்துவர் கேட்ட குறைந்த அளவு ஓய்வும் அதுவே. அச்சட்டம் இதயத் தசை அழற்சியை நினைத்து எழுதப்பட்டதன்று. ஆயினும் அந்த நோயாளிக்குத் தேவையானதை அது அளித்தது. பதிவேட்டில் பெயரில்லாத கூலிக்காரருக்கு அது எட்டவில்லை. பின்னாளில் வந்த அரசு மருத்துவக் காப்பீட்டுத் திட்டங்கள் ஏழையின் மருத்துவமனைச் செலவை ஏற்றன. இது பெரும் நன்மை. ஆனால் வீட்டில் படுத்திருக்கும் நாள்களின் அரிசிக்கு அவற்றில் வழியில்லை.

2020-இல் நாம் கண்டது

2020 கோடையில் கொரோனாத் தொற்று சென்னையில் பரவியபோது, மாநகராட்சியின் மண்டலங்களுள் இராயபுரம் மண்டலமே நெடுநாள் முன்னிலையில் இருந்தது. நெருக்கமான குடியிருப்புகளும், ஒரே அறையில் பலர் உறங்கும் வீடுகளும், அன்றாடம் வெளியே சென்றால்தான் உணவு என்ற நிலையும் இதற்குக் காரணமாயின. ஸ்டான்லி மருத்துவமனை இரவு பகலாக நோயாளிகளைத் தாங்கியது.

அவ்வாண்டு ஜூலையில் ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட்டிலிருந்து ஓர் ஆய்வு வெளிவந்தது. கொரோனாவிலிருந்து தேறிய 100 பேருள் 78 பேரின் இதயத்தில் காந்தப் படச் சோதனை மாற்றங்களைக் காட்டியதாக அது கூறியது. உலகமே அஞ்சியது. பின்னர் அவ்வாய்வின் எண்கள் சில திருத்தப்பட்டன. பிற ஆய்வுகள் மிகக் குறைந்த அளவையே கண்டன. 2021-இல் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் பெரும் எண்ணிக்கையிலான நோயாளிகளின் பதிவுகளை ஆராய்ந்து வெளியிட்ட கணக்கு நிதானமானது. கொரோனாவுற்றோருள் இலட்சத்தில் ஏறத்தாழ 150 பேருக்கு இதயத் தசை அழற்சி காணப்பட்டது. நோயுறாதோரிடம் இலட்சத்தில் ஏறத்தாழ 9 பேர். ஏறக்குறைய பதினாறு மடங்கு மிகுதி. எனினும் மொத்தத்தில் அரிது. எம்.ஆர்.என்.ஏ. வகைத் தடுப்பூசிகளுக்குப் பின் இளைஞர் சிலரிடம் இந்நோய் அரிதாகத் தோன்றியதும் உண்மை. அவர்களுள் பெரும்பாலோர் விரைவில் தேறினர். நம் நாட்டில் பெருமளவில் இடப்பட்ட கோவிஷீல்டும் கோவாக்சினும் அவ்வகையைச் சேர்ந்தவை அல்ல.

இவ்வெண்களிலிருந்து இரு பாடங்கள் பெறலாம். ஒவ்வொரு காய்ச்சலுக்குப் பின்னும் இதயம் கெட்டுவிட்டதென அஞ்சி நடுங்குவது தவறு. அரிது என்பதனால் எவரையும் வினவாமல் விடுவதும் தவறு. இலட்சம் பேர் நோயுறும் ஊரில் நூற்றைம்பது பேர் என்பது நூற்றைம்பது குடும்பங்கள்.

நம் பங்குக்குரிய பணி

மருத்துவ அறிவைப் பொறுத்தவரை, ஃபீட்லரின் காலத்தை விட நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். மின்னலை வரைபடமும், குருதியில் ட்ரோபோனின் அளவைக் காணும் சோதனையும், எக்கோ எனப்படும் ஒலியலைப் படமும் நம் பகுதிக்கு எட்டாதவையாக இன்று இல்லை. கடும் காய்ச்சலுக்குப் பின்வரும் வாரங்களில் மார்பு வலி, படபடப்பு, மயக்கம், வழக்கமான வேலைக்கே மூச்சிரைப்பு, படுத்தால் மூச்சுத் திணறல், காலில் வீக்கம் ஆகியவற்றுள் எது தோன்றினும், "காய்ச்சல் அசதிதான்" என்று தள்ளிவிடாமல் மருத்துவரை நாடவேண்டும். முன்னர் வந்த காய்ச்சலைப் பற்றியும் அவரிடம் கூறவேண்டும். பல வேளைகளில் நோயாளி கூறாமல் விடுவது அதைத்தான்; விட்டுப்போன காய்ச்சலை எதற்குச் சொல்வது என்று அவர் எண்ணுகிறார்.

எஞ்சியது அறிவின் குறையன்று, அமைப்பின் குறை. காய்ச்சல் காலங்களில் கஞ்சியும் மருந்தும் வழங்க நம் சங்கங்களும் இளைஞர் குழுக்களும் முன்வருகின்றன, 2020-இலும் வந்தன. அப்பணி முதல் வாரத்தோடு முடிந்துவிடுகிறது. நான்காம் வாரத்தில் அதே வீட்டுக் கதவைத் தட்டி, "இப்போது படியேற முடிகிறதா? வேலைக்குப் போகத் தெம்பு இருக்கிறதா?" என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். இயலவில்லை என்று அவர் கூறினால், அவர் ஓய்ந்திருக்கும் வாரங்களுக்கு அந்த வீட்டு அடுப்பு எரிய ஒரு சிறு நிதி வேண்டும். தெரு ஒன்றுக்கு ஒருவர், குறிப்பேடு ஒன்று, மாதம் ஒருமுறை சேரும் சிறு காசு ஆகியவை இதற்குப் போதும். சட்டம் எட்டாத இடத்தில் அண்டை வீட்டார் எட்டமுடியும். சட்டம் எட்டவேண்டும் என்று கேட்கும் குரலும் அவர்களிடமிருந்தே எழவேண்டும்.

1782-இல் பசித்தோர் வரிசையில் நின்றபோது யாரோ ஒருவருக்குக் கஞ்சித்தொட்டி வைக்கத் தோன்றியது. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு மருத்துவமனையே வளர்ந்தது. கொழும்பில் இரு மருத்துவர்களுக்குத் தம் நோயாளிகளை வீடு திரும்பிய பின்னும் தொடர்ந்து கவனிக்கத் தோன்றியது. அதிலிருந்து ஓர் அறிவு வளர்ந்தது. அடுத்த காய்ச்சல் எந்தக் கப்பலில், எந்த விமானத்தில் வரும் என்பதை எவரும் அறியார். அது வந்து போன பின்னர், எழுந்து நடப்போரையும் எண்ணும் ஓர் ஏடு நம் தெருக்களில் இருக்கட்டும்.